ஒரே பலகை, ஆறு பொழுதுகள்: யோஷிதா ஹிரோஷியின் ‘பாய்மரப் படகுகள்’

யோஷிதா ஹிரோஷி என்ற ஜப்பானிய ஓவியரின் ‘பாய்மரப் படகுகள்’ ஏலப் பட்டியல்களிலும் அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளிலும் அடிக்கடி கண்ணில் படும் படம். முதன்முறை தேடிப் பார்ப்பவரை அது குழப்பாமல் விடுவதில்லை. ஓரிடத்தில் அதன் வானம் பொன்மஞ்சளாக இருக்கிறது. இன்னோரிடத்தில் அதே படகு, அதே பாய், நீரில் விழும் அதே நிழல். ஆனால் வானம் கருநீலம். மூன்றாவது இடத்தில் படகு பாதி கரைந்து சாம்பல் நிறப் பனிக்குள் நிற்கிறது. எல்லாவற்றின் கீழும் 1926 என்ற ஒரே ஆண்டு எழுதியிருக்கிறது. விலை மட்டும் ஒன்றுக்கொன்று பல மடங்கு மாறுகிறது.

இவற்றுள் எது அசல், எது நகல், எது பிற்காலத்தில் யாரோ நிறம் மாற்றியது என்ற கேள்வி எழுவது இயல்புதான். ஆனால் அது துணியில் எண்ணெய் வண்ணம் தீட்டிய ஓவியத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. மரப்பலகையிலிருந்து ஒற்றியெடுத்த படத்திடம் அதைக் கேட்டால் விடை கிடைக்காது. அதனிடம் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: இந்தத் தாள் எப்போது ஒற்றப்பட்டது? அப்போது நிறத்தைத் தீர்மானித்தவர் யார்? இந்த இரண்டும் ஏன் முக்கியமாகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

‘அச்சு’ என்ற சொல்லில் உள்ள சிக்கல்

அச்சு என்றதும் செய்தித்தாளும் நாட்காட்டியும் நினைவுக்கு வருகின்றன. எங்கோ ஓர் அசல் ஓவியம் இருக்கிறது, அதை நிழற்படம் எடுத்து ஆயிரக்கணக்கில் பெருக்கியிருக்கிறார்கள் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. ஜப்பானிய மரப்பலகைப் படங்களில் அப்படி ஓர் அசல் பின்னால் நிற்பதில்லை. ஓவியர் வரைந்து தரும் கோட்டுப்படம் பலகையில் ஒட்டப்பட்டு, செதுக்கும்போதே அழிந்துவிடுகிறது. அதற்கு முன் அவர் தீட்டிய நீர்வண்ணச் சித்திரம் ஒரு குறிப்பு மட்டுமே; முடிந்த படத்தில் காணும் நிறங்களும் நயங்களும் அதில் அப்படியே இருக்க வேண்டியதில்லை. பலகையோ ஒரு கருவி. அதைச் சுவரில் மாட்டினால் படம் தெரியாது.

ஆக, படைப்பு முதன்முதலில் முழுமையாகத் தோன்றுவதே தாளில்தான். பலகையிலிருந்து வரும் ஒவ்வொரு தாளும் அசல் என்று சொல்வதற்கு இதுவே காரணம். ஆனால் எல்லாத் தாளும் அசல் என்றால் எல்லாத் தாளும் சமம் என்று பொருளாகாது. குழப்பத்தின் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருகிறது.

பலகையிலிருந்து தாளுக்கு

வேலையின் ஒழுங்கு ஏறத்தாழ இப்படி அமையும்.

1. ஓவியர் நேரில் கண்ட காட்சியை நீர்வண்ணத்திலோ பென்சிலிலோ பதிந்துகொண்டு, பின்னர் அதைத் தெளிவான கோடுகளாக மெல்லிய தாளில் வரைகிறார்.

2. அந்தத் தாள் வரைந்த பக்கம் கீழாகக் காட்டுச் செர்ரி மரப்பலகையில் ஒட்டப்படுகிறது. கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் செதுக்கி எடுத்தால், கோடுகள் மேடாக நிற்கும். இது வரைகோட்டுப் பலகை. இதன் ஓரத்திலேயே ‘கென்தோ’ எனப்படும் இரண்டு பொருத்தக்குறிகள் செதுக்கப்படுகின்றன. ஒன்று தாளின் மூலைக்கு, மற்றொன்று அதன் ஒரு விளிம்புக்கு.

3. வரைகோட்டுப் பலகையிலிருந்து பல பிரதிகள் ஒற்றப்படுகின்றன. ஒவ்வொரு பிரதியிலும் ஒரு நிறம் எங்கெங்கே வரவேண்டும் என்று ஓவியர் குறிக்கிறார். அந்தக் குறிப்பின்படி ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை செதுக்கப்படுகிறது. பொருத்தக்குறிகளும் கூடவே எல்லாப் பலகைகளுக்கும் போய்ச் சேர்கின்றன.

4. காகித முசுக்கட்டையின் நாரால் செய்த, பசையும் படிகாரமும் பூசிய தாளை ஈரப்படுத்தி வைக்கிறார்கள். பலகையில் நீரில் கரையும் நிறமியையும் சிறிது அரிசிப் பசையையும் தூரிகையால் பரப்பி, குறிகளுக்குள் தாளைப் பொருத்தி, தாளின் முதுகில் ‘பாரென்’ என்ற தட்டையான வட்டக் கருவியால் தேய்க்கிறார்கள். மூங்கில் மடல் நாரைத் திரித்துச் சுருளாக்கி, மூங்கில் மடலாலேயே மூடிக் கட்டிய கருவி அது. அச்சு எந்திரம் எதுவும் இல்லை; அழுத்தம் முழுவதும் கையிலிருந்தும் தோளிலிருந்தும் வருகிறது.

5. ஒவ்வொரு நிறத்துக்கும் இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. தாள் உலர்ந்தால் சுருங்கும். சுருங்கினால் அடுத்த நிறம் கோட்டைத் தாண்டிப் போகும். எனவே கடைசி நிறம் வரை தாள் ஒரே அளவு ஈரத்தோடு இருந்தாக வேண்டும்.

இந்த ஐந்தாவது படி சாதாரணமாகத் தோன்றினாலும், ஒற்றும் எண்ணிக்கை கூடக்கூட அதுவே வேலையின் கழுத்தைப் பிடிக்கிறது. பழைய படங்களில் பரவலாக வழங்கிய தாள் அளவு சுமார் 39 × 26 செ.மீ. ‘பாய்மரப் படகுகள்’ சுமார் 51 × 36 செ.மீ. தாள் பெரிதானால் ஈரத்தில் அது விரிவதும் சுருங்குவதும் கூடும். யோஷிதா இந்த அளவையும் தாண்டிச் சில படங்களைச் செய்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும்: ‘பொக்காஷி’. ஒரே நிறம் அடர்த்தியிலிருந்து மெல்ல மங்கி இல்லாமலாவது. இதைப் பலகையில் செதுக்க இயலாது. பலகையின் ஒரு பகுதியை நனைத்து, தூரிகையின் ஒரு முனையில் மட்டும் நிறம் ஏற்றி, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகப் பூச வேண்டும். மேலே கருத்தும் தொடுவானத்தில் வெளுத்தும் காணும் வானங்கள் எல்லாம் இப்படி வந்தவை. ஒரே நாளில் ஒற்றிய இரண்டு தாள்களின் வானம்கூட அணுவளவும் மாறாமல் இருக்காது என்பதற்கும் காரணம் இதுவே.

நால்வரின் வேலையும் ஒருவரின் பெயரும்

பழைய ஓவியர்களான ஹொக்குசாய், ஹிரோஷிகே ஆகியோரின் பெயரில் நாம் அறிந்த உகியோ-எ என்ற மரபான பலகைப் படங்கள் ஒருவர் செய்தவை அல்ல. வரைபவர், செதுக்குபவர், ஒற்றுபவர், முதல் போட்டு விற்கும் வெளியீட்டாளர் என நால்வர் சேர்ந்து செய்த தொழில் அது. பெரும்பாலும் வெளியீட்டாளரே முடிவெடுப்பவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்லச்சும் நிழற்படமும் பரவியபோது இந்தத் தொழில் நலிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு இரண்டு வகையான மறுமொழிகள் எழுந்தன. வத்தனாபே ஷோசாபுரோ என்ற டோக்கியோ வெளியீட்டாளர், நால்வர் ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மேற்கத்திய ஓவியப் பயிற்சியின் ஒளியையும் தொலைவுணர்வையும் அதற்குள் கொண்டுவந்தார். இது ஷின் ஹாங்கா, அதாவது புதிய பதிப்போவியம். கவாசே ஹசுய் இந்த வழியில் நிலக்காட்சிகளுக்குப் பெயர்பெற்றவர். எதிர்முனையில் நின்றது சோசாக்கு ஹாங்கா, படைப்புப் பதிப்போவியம். 1904இல் யமமோத்தோ கனாயே செய்த மீனவர் படத்திலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். வரைவது, செதுக்குவது, ஒற்றுவது மூன்றையும் ஒரே கை செய்தால்தான் அது கலை என்பது அவர்களின் நிலைப்பாடு.

யோஷிதா இந்த இரண்டுக்கும் நடுவே நின்றார். நூல்கள் அவரை ஷின் ஹாங்காவில் சேர்க்கின்றன. படங்களின் தோற்றத்தை வைத்துப் பார்த்தால் அது சரி. வேலை நடந்த விதத்தை வைத்துப் பார்த்தால் பாதிதான் சரி. ஏன் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யோஷிதா பலகைக்கு வந்த வழி

1876இல் கியூஷு தீவின் குருமே நகரில் பிறந்தார். பிறந்த வீட்டில் குடும்பப் பெயர் உவேதா. ஓவிய ஆசிரியரான யோஷிதா கசாபுரோ மாணவனின் திறமையைக் கண்டு 1891இல் அவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டதால் யோஷிதா ஆனார். (ஜப்பானிய வழக்கில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஹிரோஷி என்பதே அவர் பெயர்.) கியோட்டோவிலும் டோக்கியோவிலும் அவர் கற்றது மேற்கத்திய முறை ஓவியம், எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும்.

1899இல் நண்பர் நாக்ககாவா ஹாச்சிரோவுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். டெட்ராய்ட்டிலும் பாஸ்டனிலும் அவர்களுடைய நீர்வண்ணங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு நன்றாக விற்றன. அதன்பின் இருபது ஆண்டுகள் அவர் ஓவியராகவே வாழ்ந்தார்; மலையேறுவதில் பெரும் ஈடுபாடு கொண்டவர். பலகைக்கு வந்தது 1920இல், வத்தனாபேயின் அழைப்பால். நாற்பதைக் கடந்த, ஏற்கெனவே பெயர் நிலைத்த ஓவியர் ஒருவர் வெளியீட்டாளருக்குப் படம் வரைந்து கொடுக்கிறார் என்ற அளவில்தான் அந்த உறவு இருந்தது. பாய்மரப் படகுகளை அவர் முதலில் பலகைக்குக் கொண்டுவந்ததும் வத்தனாபேயிடம்தான், 1921இல். அப்போதே ஒரே காட்சி வெவ்வேறு நிறங்களில் ஒற்றப்பட்டது.

1923 செப்டம்பர் 1ஆம் நாள் நண்பகலை ஒட்டி டோக்கியோ, யொக்கொஹாமா பகுதிகளை நிலநடுக்கம் தாக்கியது. நில அதிர்வைவிட அதைத் தொடர்ந்த தீயே அதிகம் அழித்தது. வத்தனாபேயின் கடையும் எரிந்தது. பலகைகளும் விற்காதிருந்த தாள்களும் சாம்பலாயின. 1920 முதல் அவர்கள் சேர்ந்து வெளியிட்ட யோஷிதா படங்கள் இன்று அரிதாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட சக ஓவியர்களுக்கு உதவ, அவர்களுடைய ஓவியங்களையும் எடுத்துக்கொண்டு யோஷிதாவும் அவருடைய மனைவியும் ஓவியருமான ஃபுஜியோவும் அமெரிக்கா சென்றார்கள். அங்கே அவர் கண்டது எதிர்பாராதது. வாங்குபவர்கள் எண்ணெய் ஓவியங்களைக் காட்டிலும் பலகைப் படங்களை நாடினார்கள். தரம் குறைந்த பழைய படங்களுக்குக்கூட நல்ல விலை இருந்தது. 1925இல் நாடு திரும்பியதும், ஐம்பதை நெருங்கும் வயதில், செதுக்குபவர்களையும் ஒற்றுபவர்களையும் தாமே அமர்த்திக்கொண்டு சொந்தப் பட்டறை தொடங்கினார்.

வெளியீட்டாளர் என்ற நான்காவது ஆள் இங்கே விலகுகிறார்; அவர் கையில் இருந்த அதிகாரம் ஓவியரிடம் வருகிறது. பலகையைப் பிடித்த கைகள் மட்டும் பழைய தொழில்முறைக் கைகளாகவே இருந்தன. அவர்களுக்கு வேலை சொல்ல வேண்டுமானால் அவர்களைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணி, செதுக்கவும் ஒற்றவும் தாமும் கற்றார். ‘ஓடும் ஆறு’ என்ற 1928ஆம் ஆண்டுப் பெரிய படத்தில் சுழித்தோடும் நீரை அவரே செதுக்கினார். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டே நாட்கணக்கில் வேலை செய்ததில் பற்கள் கெட்டுப்போயின என்று சொல்லப்படுகிறது.

ஆறு தாள்கள்

1926இல், சொந்தப் பட்டறையில், செத்தோ உள்நாட்டுக் கடல் வரிசையின் பகுதியாகப் பாய்மரப் படகுகள் மீண்டும் வந்தன. ஹொன்ஷு, ஷிக்கொக்கு, கியூஷு ஆகிய தீவுகளுக்கு இடையே அடங்கிக் கிடக்கும் அமைதியான கடல் அது. படத்தின் அமைப்பு எளியது: நெட்டுவாக்கில் ஒரு தாள், தாழ்ந்த தொடுவானம், முன்னால் உயர்ந்த பாயோடு பெரிய படகு, பின்னால் சிறிதாகிப் போகும் வேறு படகுகள், நீரில் அவற்றின் நிழல். இது காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என ஆறு தாள்களாக ஒற்றப்பட்டது.

பலகைகள் பெரும்பாலும் ஒன்றே. மாறுவது நிறமி, அதன் அடர்த்தி, ஒற்றும் வரிசை, எந்தப் பலகை சேர்கிறது, எது விலகுகிறது என்பவை. இந்த முறைக்கு ‘பெத்சுசூரி’, வேறாக ஒற்றுதல், என்று பெயர். 1925இலேயே மாட்டர்ஹார்ன் சிகரத்தையும் எகிப்தின் ஸ்ஃபிங்ஸையும் பகலாகவும் இரவாகவும் அவர் இப்படிச் செய்திருந்தார். படகுகளில் அது ஆறாக விரிந்தது.

காலையில் ஒளி படகுகளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. ஆகவே பாய் வெளிச்சம் படும் பொருளாக இல்லாமல், வெளிச்சத்தைத் தடுக்கும் பொருளாக நிற்கிறது; வானமும் நீரும் ஒரே மஞ்சளில் இணைகின்றன. முற்பகலில் அந்த இணைப்பு அறுந்து, நீலம் தெளிகிறது. மூடுபனியில் நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது: கோடுகள் பின்வாங்குகின்றன. பலகைப் படத்தின் முதுகெலும்பே வரைகோடுதான் என்று நீண்டகால வழக்கம் சொல்லும்போது, அந்தக் கோட்டை மங்கவைத்தும் படம் நிற்கும் என்று இந்தத் தாள் காட்டுகிறது. இரவில் படகு ஏறத்தாழ இருட்டின் ஒரு பகுதி. விளக்கொளியும் நீரில் நடுங்கும் அதன் பிம்பமும்தான் படகு இருக்கும் இடத்தைச் சொல்கின்றன. ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது மூடுபனி. அதிகம் புகழப்படுவது காலை.

ஆறு என்றதும் தமிழ் வாசகருக்கு வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்ற சிறுபொழுதுகள் நினைவுக்கு வரும். ஒப்புமை பாதி வழிதான் வரும். மூடுபனி ஒரு பொழுதன்று, வானிலை. ஆனால் நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்ற நம் இலக்கணப் பகுப்பு இந்தப் படங்களை விளக்க நன்றாகவே உதவுகிறது. செதுக்கிய பலகை நிலத்தைப் பிடித்து வைக்கிறது, அது மாறாது. பொழுது பலகையில் இல்லை. ஒவ்வொரு முறையும் நிறமியோடுதான் அது வந்து சேர்கிறது.

பிரான்சில் மோனே 1890களில் ரூவான் தேவாலயத்தை வெவ்வேறு ஒளியில் திரும்பத் திரும்ப வரைந்ததை இதனோடு ஒப்பிடுவதுண்டு. மேற்கத்திய முறையில் பயின்ற யோஷிதாவுக்கு அந்தச் சிந்தனை அந்நியமாக இருந்திருக்காது. ஆனால் மோனே ஒவ்வொரு முறையும் வெற்றுத் துணியிலிருந்து தொடங்கினார். கல்லும் வளைவும் தூரிகையோடு சேர்ந்து மாறின. யோஷிதாவிடம் பாயின் மடிப்பு ஒரு மயிரிழைகூட நகர்வதில்லை. எனவே இரண்டு தாள்களுக்கிடையே காணும் வேறுபாடு முழுவதையும் ஒளியின் கணக்கிலேயே எழுதலாம். இந்த ஒழுங்கு துணியில் வரைவதில் கிடைக்காது.

எலிநிறப் பலகை

மேற்கத்திய நீர்வண்ணத்தின் ஆழம் இந்தத் தாள்களுக்கு எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. ஒற்றிய முறைகளின் எண்ணிக்கையில் விடை இருக்கிறது. பழைய உகியோ-எ படங்களுக்குப் பத்து முதல் இருபது முறை ஒற்றுவது வழக்கம். யோஷிதாவின் படங்களுக்குச் சராசரியாக 30 முறைக்கு மேல். நிக்கோ நகரின் யோமெய் என்ற கோயில் வாயிலைக் காட்டும் 1937ஆம் ஆண்டுப் படத்துக்கு 96 முறை. அதாவது ஒரே தாள் 96 தடவை பலகையின் மேல் வைத்து எடுக்கப்பட்டது. ஒரு தடவை பொருத்தம் தவறினாலும் முந்தைய உழைப்பு வீண்.

இந்த எண்ணிக்கையில் கணிசமான பங்கு சாம்பல் நிறத்துக்குப் போனது. ஜப்பானிய மொழியில் சாம்பல் நிறத்துக்கு எலிநிறம் என்று பெயர். சாம்பலுக்கான பலகை எலிநிறப் பலகை. நிழல் விழும் இடங்களில் மெல்லிய சாம்பலைப் பல அடுக்குகளாக ஒற்றிவிட்டு, அதன்மேல் நிறங்களை ஏற்றினால், நிறங்கள் தட்டையாகத் தெரியாமல் கனம் பெறுகின்றன. திரையில் பார்க்கும்போது இது தெரியாது. தாளை ஒளிக்குச் சாய்த்துப் பார்த்தால்தான் நார்களுக்குள் இறங்கிய நிறமியின் அடுக்கு புலப்படும்.

அதே உள்நாட்டுக் கடல் வரிசையின் ‘ஒளிரும் கடல்’ வேறொரு வழியைக் காட்டுகிறது. அலைமேல் சூரியன் மின்னுவதை நிறமியால் காட்டாமல், உருண்டை உளியின் சிறுசிறு வெட்டுகளால் காட்டியிருக்கிறார். உளி எடுத்த இடத்தில் நிறம் ஏறாது. அந்த வெற்றிடமே மினுக்கம். இங்கிலாந்தின் இளவரசி டயானாவின் கென்சிங்டன் அரண்மனை அறையில் இந்தப் படம் மாட்டியிருந்தது ஒரு நிழற்படத்தில் பதிவாகிவிட்டது. அதன்பிறகு யோஷிதாவைப் பற்றிய எந்தச் செய்தியும் அந்த வரியில்லாமல் வருவதில்லை.

‘ஜிசூரி’ முத்திரை சொல்வதும் சொல்லாததும்

1925க்குப் பிந்தைய யோஷிதா படங்களின் ஓர வெள்ளைப் பகுதியில், பெரும்பாலும் இடப்பக்கத்தில், இரண்டு எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரை காணப்படும். அதன் ஒலிப்பு ‘ஜிசூரி’. நேர்ப்பொருள் ‘தானே ஒற்றியது’. அவரே பாரெனைப் பிடித்துத் தேய்த்தார் என்று இதைப் படிப்பது பரவலான தவறு. சில வேலைகளில் அவர் கை வைத்தார் என்பது உண்மை. ஆனால் முத்திரையின் பொருள், அவருடைய மேற்பார்வையில் ஒற்றி, அவர் பார்த்து ஏற்றுக்கொண்ட தாள் என்பதே. வெளியீட்டாளர் இல்லாத ஏற்பாட்டில் பொறுப்பு யாருடையது என்பதை அது அறிவிக்கிறது.

யோஷிதா 1950இல் காலமானார். பலகைகள் குடும்பப் பட்டறையிலேயே இருந்தன. மூத்த மகன் தோஷி, தாமே பெயர்பெற்ற பதிப்போவியர், பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். தந்தையின் பலகைகளிலிருந்து பின்னரும் தாள்கள் ஒற்றி விற்கப்பட்டன. இவை போலிகள் அல்ல. பலகை அதுவே, உரிமையும் குடும்பத்துடையதே. ஆனால் நிறத்தைப் பார்த்து ‘இது போதும்’ என்று சொன்ன கண் வேறு. பொழுது நிறமியில்தான் இருக்கிறது என்று மேலே கண்டோம். அப்படியானால் இந்த மாற்றம் சிறியதாகாது.

தாளைப் பார்த்து முடிவுக்கு வர விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. முத்திரை இருந்தால், மேற்பார்வையில் ஒற்றிய தாள் என்பதற்கு அது வலுவான சான்று.

2. முத்திரை இல்லாததாலேயே தாள் அவர் இறந்தபின் ஒற்றியது என்று சொல்லிவிட முடியாது. வத்தனாபே வெளியிட்ட 1920களின் தொடக்கப் படங்களில் இந்த முத்திரைக்கு இடமே இல்லை. அவையோ மிக அரியவை.

3. வெளிநாட்டு விற்பனைக்கான தாள்களின் கீழ் வெள்ளைப் பகுதியில் ரோமன் எழுத்தில் பென்சில் கையொப்பமும் தலைப்பும் இருக்கும். பிற்காலத் தாள்களில் அதே கையொப்பம் அச்சாகப் பதிக்கப்பட்டிருப்பதுண்டு. உருப்பெருக்கியின் கீழ் உண்மைப் பென்சில் தடம் தாளின் மேடுகளில் மட்டும் தொட்டுப் போகும், மினுமினுப்பும் இருக்கும். அச்சுக் கையொப்பம் சீராகப் படிந்திருக்கும்.

4. வெள்ளை ஓரத்தை வெட்டி எடுத்துவிட்ட தாளில் இந்தச் சான்றுகள் எல்லாமே போய்விடுகின்றன. சட்டத்துக்குள் பொருந்துவதற்காக ஓரம் வெட்டப்பட்ட தாள்கள் ஏராளம்.

5. நீரில் கரையும் நிறமி ஒளிக்கு அஞ்சும். ஆண்டுக்கணக்கில் சன்னலோரம் மாட்டிய ‘மாலை’ நாளடைவில் வேறொரு பொழுதைப் போலத் தோன்றலாம். அதை ஓவியரின் இன்னொரு நிறத்தேர்வு என்று எண்ணிவிடக் கூடாது.

விலை பல மடங்கு வேறுபடுவதற்கு இந்த ஐந்தும் சேர்ந்து காரணமாகின்றன. ஏல நிறுவனத்தின் குறிப்பில் ‘1926’ என்றிருப்பது வடிவமைப்பின் ஆண்டு. தாள் ஒற்றப்பட்ட ஆண்டு அதுவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நேர்மையான விற்பனையாளர் இரண்டையும் பிரித்தே எழுதுவார்.

நாட்டுக்குள் ஒரு மதிப்பீடு, வெளியே ஒன்று

யோஷிதாவின் புகழ் ஜப்பானைவிட அமெரிக்காவில் முந்தியது. ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ கலை அருங்காட்சியகம் 1930இலும் 1936இலும் நடத்திய நவீன ஜப்பானியப் பதிப்போவியக் காட்சிகள் அதற்கு அடித்தளமிட்டன. முதல் காட்சியை அமைப்பதில் அவரே துணைநின்றார். உள்நாட்டில், குறிப்பாக சோசாக்கு ஹாங்கா தரப்பினரிடம், இது அயலாருக்காகச் செய்யும் அழகுப் பொருள் என்ற எண்ணம் இருந்தது.

அந்தக் குறையை முழுவதும் தள்ளிவிட முடியாது. 1926இல் அந்தக் கடலில் எண்ணெய் எந்திரம் பூட்டிய படகுகளும் புகைக்கப்பல்களும் ஓடிக்கொண்டிருந்தன; படத்தில் பாய்கள் மட்டுமே இருக்கின்றன. மறைந்துகொண்டிருந்ததைத் தேர்ந்தெடுத்து வரைந்தார் என்பது வெளிப்படை. ஆனால் கடந்தகால ஏக்கத்துக்கு அழகான ஒரு தாள் போதும். அதே படகை ஆறு முறை ஒற்றிப் பார்த்தவரின் அக்கறை படகின் மேல் மட்டும் இருந்ததாகக் கொள்வது கடினம்.

1930: இந்தியாவை நோக்கி

வேறாக ஒற்றும் இந்த வழிமுறை அவரோடு இந்தியாவுக்கும் வந்தது. 1930இன் இறுதியில் மகன் தோஷியை அழைத்துக்கொண்டு தென்கிழக்கு ஆசியா, இந்தியா நோக்கிப் புறப்பட்டு, 1931இல் திரும்பினார். அடுத்து வந்த வரிசையில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள்: கஞ்சன்ஜங்கா, வாரணாசியின் படித்துறை, உதய்ப்பூரின் ஏரி அரண்மனைகள், அமிர்தசரஸ் பொற்கோயில், அஜந்தா, எல்லோரா, சாஞ்சி. தாஜ் மகாலைப் பகலும் இரவும் பனிமூட்டமுமாகத் தனி வரிசை எண்களோடு செய்தார். படகுகளில் பழகிய முறை வெள்ளைப் பளிங்கின் மேல் மறுபடி வேலை செய்கிறது.

மதுரையின் பெரிய கோயிலும் இந்த வரிசையில் உண்டு. தேட விரும்புவோருக்கு ஒரு குறிப்பு: அருங்காட்சியகத் தொகுப்புகளில் ‘மதுரை’ என்று தேடினால் அது கிடைப்பது அரிது. ஆங்கிலேயர் காலத்து எழுத்துப்படி தலைப்பில் ‘மதுரா’ என்றே இருக்கிறது. அதனால் சில விற்பனைக் குறிப்புகளில் உத்தரப் பிரதேசத்து மதுராவோடு அதைக் குழப்பிவிடுவதும் உண்டு.